பழைய ஆஸ்திரிய இரட்டைக்குழல்: குழலடி முத்திரைகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் உண்டா?

முர்க்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆஸ்திரியாவில் கிராஸ் நகரில் இருக்கிறேன். துப்பாக்கி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, சுட்டதும் இல்லை. விஷயம் என்னுடையதும் இல்லை, கீழ்வீட்டுப் பாட்டியுடையது.

பாட்டிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கணவர் போன வருடம் காலமானார். அவர் வைத்திருந்த வேட்டைத் துப்பாக்கி ஒன்று இப்போது மகன் பேரில் முறைப்படி பதிவாகி, பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்கிறது. மகன் அதை விற்றுவிடலாம் என்கிறார். பாட்டி விடுவதாக இல்லை. "இது என் தாத்தாவுக்குப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசஃப் தன் கையால் கொடுத்தது" என்கிறார். தாத்தா பாட் இஷ்ல் பக்கம் வனக்காவலராக இருந்தவராம். மகன் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். கடைக்காரர் குழலைத் திருப்பிப் பார்த்து, "ஃபெர்லாக், 1920கள், பேரரசராவது ஒன்றாவது" என்று சிரித்து அனுப்பிவிட்டார். (ஃபெர்லாக் தெற்கு ஆஸ்திரியாவில் துப்பாக்கி செய்யும் ஊராம்.) அன்று முதல் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

"நீ எஞ்சினியர்தானே, பார்த்துச் சொல்" என்று பாட்டி என்னிடம் விட்டுவிட்டார். நான் பார்க்கிற வேலை பம்பு டிசைன்.

மகன் பக்கத்தில் இருக்க நான் பார்த்தவரை: இரட்டைக்குழல், பக்கத்துக்குப் பக்கம். வெளியே இரண்டு சுத்தியல்கள் தெரிகின்றன. குழல்களுக்கு நடுவில் ஓடும் பட்டையில் "போலர் ஆன்டினிட்" என்று எழுத்து. (முதலில் "பாய்லர்" என்று படித்துவிட்டேன், சிரிக்காதீர்கள்.) பக்கத்தகட்டில் இலை, கொடி வேலைப்பாடு, அதற்குள் தேய்ந்துபோன ஒரு பெயர். கடைசி இரண்டு சொற்கள் மட்டும் தெளிவு: "இன் வீன்", அதாவது "வியன்னாவில்". கட்டையில் வெள்ளி முட்டைவடிவத் தகடு, அதில் இரண்டு எழுத்து.

கடைக்காரர் ஃபெர்லாக் என்கிறார், துப்பாக்கி வியன்னா என்கிறது. எதை நம்புவது?

---

வெடிமருந்து77

இதில் என்ன குழப்பம்? மேலேயே தயாரிப்பாளர் பெயர் இருக்கிறதே. போலர். ஆஸ்திரியாவின் பெரிய கம்பெனி. நல்ல விலை போகும். விற்பதாக இருந்தால் சொல்லுங்கள், எனக்கு ஐரோப்பாவில் ஆள்...

---

மட்டுறுத்துநர்

விற்பனைப் பேச்சு இந்தக் களத்தில் கூடாது. அடுத்த முறை பதிவு நீக்கப்படும். முத்திரை பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள்.

---

பழையஇரும்பு

வெடிமருந்து தம்பி, காஞ்சிபுரம் பட்டுப்புடவையில் ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. அதனால் அது சூரத்துப் புடவை ஆகிவிடுமா?

போலர் துப்பாக்கி செய்தவர் இல்லை, எஃகு உருக்கியவர். போலர் சகோதரர்கள் 1870இல் வியன்னாவில் தொடங்கிய நிறுவனம். ஆலை ஸ்டைரியா மாநிலத்தில், காப்ஃபென்பெர்கில். முர்க்கரையான் இருக்கும் கிராஸிலிருந்து ரயிலில் போகிற தூரம்தான். குழல் செய்பவர்கள் அவர்களிடம் எஃகு வாங்கி, "இது நல்ல எஃகு" என்று காட்ட அந்தப் பெயரையே குழலில் பொறிப்பார்கள். ஆன்டினிட், பிளிட்ஸ், ராசன்ட் எல்லாம் போலர் எஃகின் ரகப் பெயர்கள். ஆன்டினிட் துருவுக்கு எளிதில் இடங்கொடாத ரகம். அந்தக் காலத்துத் தோட்டாவின் பொட்டுமருந்து வெடித்தபின் உப்பைப் போல ஒரு படிவை விட்டு, ஒரு மழைக்காலத்துக்குள் குழலைத் தின்றுவிடும். அதனால் இந்த ரகத்துக்கு மவுசு.

ஜெர்மன் குழல் என்றால் "குருப்" என்றும் மூன்று வளையமும் இருக்கும். பொஹீமியா எஃகு என்றால் போல்டி: ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம். க்ளாட்னோ ஊரில் அந்த ஆலையை 1889இல் நிறுவியவர் கார்ல் விட்கென்ஸ்டைன். மனைவி லியோபோல்டினாவின் செல்லப்பெயர்தான் போல்டி. தத்துவம் படித்தவர்களுக்கு அவர்களின் கடைசிப் பிள்ளை லுட்விக்கைத் தெரிந்திருக்கும். இரும்பு வியாபாரி வீட்டில் பிறந்தவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சரி, வழி தவறுகிறேன்.

முர்க்கரையான், நீங்கள் பார்த்தது எல்லாம் விளம்பரப் பலகை. சாட்சி அடியில் இருக்கிறது: குழலைச் சோதித்தவர்கள் அடித்த முத்திரைகள். மகனை விட்டு முதலில் இரண்டு குழலும் காலியா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியே வந்துவிடும். குழலின் பின்பகுதியில், அடியில் தட்டையான இடம் இருக்கும். அது உட்காரும் இரும்பு உடம்பான ஆக்‌ஷனின் மேல்தட்டையும், முன்கட்டைக்குள் இருக்கும் இரும்பையும் சேர்த்துப் பாருங்கள். விளக்கைச் சாய்வாகப் பிடியுங்கள். முகப்பவுடரைத் தூவி ஊதினால் பள்ளத்தில் தங்கி எழுத்து தெரியும். உப்புத்தாள், கம்பித்தூரிகை, பித்தளை பாலிஷ் எதுவும் கிட்டே வரக்கூடாது. துடைக்க எண்ணெய் தொட்ட துணி போதும்.

---

எஸ்டேட்பேரன்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். வால்பாறையில் எங்கள் தாத்தா லைசென்ஸில் வைத்திருந்த 12 போர் (குழல் துளையின் அளவு) துப்பாக்கியின் அடியில் கிரீடம், அதன் கீழே "பி.வி", "பி.பி", "என்.பி" என்று மூன்று முத்திரை இருந்தது நினைவிருக்கிறது. அது எந்த ஊர்?

---

பழையஇரும்பு

பர்மிங்ஹாம். அந்தக் கிரீட எழுத்துகள் 1904க்குப் பிந்தியவை. அதற்கு முன் அங்கே குறுக்காக வைத்த இரண்டு செங்கோல். கிரீடம் என்றதும் இங்கிலாந்து என்று முடிவு கட்டிவிடாதீர்கள், ஜெர்மன்காரர்களும் கிரீடம் வைத்தார்கள். 1891 சட்டத்துக்குப் பின் ஜூல் ஊரில் கிரீடத்தின் கீழ் யு, பி, ஜி, எஸ், டபிள்யூ என்று தனித்தனி எழுத்து அடித்தார்கள். முட்டைவடிவத்துக்குள் "ஈ.எல்.ஜி" இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ். ஆஸ்திரியத் துப்பாக்கி என்று வாங்கி வந்து பெல்ஜியத்தைக் கண்டுபிடிக்கிறவர்கள் நிறையப் பேர்.

---

முர்க்கரையான்

பார்த்தாயிற்று! பவுடர் வேலை செய்கிறது. பாட்டியே தன் பவுடர் டப்பாவைக் கொடுத்தார்.

குழல்களின் அடியில்: ஒரு பறவை முத்திரை, தேய்ந்திருக்கிறது, தலை ஒன்றா இரண்டா தெரியவில்லை. வட்டத்துக்குள் 16. "என்.பி.எஃப்" என்று மூன்று எழுத்து. "743.29" என்று ஓர் எண். "65" என்று தனியாக. பிறகு இரண்டு சின்ன எழுத்துகள், யாருடைய பெயரின் முதலெழுத்து போல.

ஆக்‌ஷன் தட்டில்: இன்னொரு பறவை, இதற்கு நிச்சயமாக இரண்டு தலை. "418". முன்கட்டை இரும்பிலும் "418". குழலின் கொக்கியிலும் "418".

743.29 என்பது குழலின் விட்டமா?

---

வெடிமருந்து77

சீரியல் நம்பர்தான். .29 என்பது காலிபர்.

---

பழையஇரும்பு

காலிபர் வட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது தம்பி. 16 போர். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாக 16 குண்டாக உருட்டினால் ஒரு குண்டு நுழைகிற துளை, ஏறக்குறைய 16.8 மில்லிமீட்டர். எஸ்டேட்பேரனின் 12 போர் ஏறக்குறைய 18.5. எண் சிறுத்தால் துளை பெருக்கும். நடு ஐரோப்பாவில் 16 போருக்கு ரசிகர்கள் அதிகம்.

743.29 தான் இந்தத் துப்பாக்கியின் ஜாதகம். ஃபெர்லாக் சோதனைச் சாலையில் பதிவேட்டு எண்ணை முதலில் போட்டு, புள்ளி வைத்து, வருடத்தின் கடைசி இரண்டு இலக்கத்தைப் போடுவார்கள். 1929ஆம் ஆண்டு, பதிவேட்டில் 743ஆவது.

"என்.பி.எஃப்": நைட்ரோ சோதனை, ஃபெர்லாக். பழைய கருமருந்துக்குப் பதில் வந்த புகையில்லா மருந்து குழலுக்குள் கொடுக்கிற அழுத்தம் அதிகம். அதற்கென்று வழக்கத்துக்கு மேல் மருந்து ஏற்றிச் சுட்டுப் பார்ப்பார்கள். வெடிக்காமல், வீங்காமல் நின்றால் முத்திரை. நம் ஊரில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரி, இங்கே கொஞ்சம் ஓங்கித் தட்டுகிறார்கள்.

1891இல் வந்த சட்டம் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு ஒன்றாக இருந்தது. சோதனைச் சாலைகள் ஃபெர்லாக், வியன்னா, பிராகா, வைபெர்ட், புடாபெஸ்ட் ஊர்களில். கடைசி எழுத்தைப் பார்த்தால் ஊர் தெரியும்: எஃப் என்றால் ஃபெர்லாக், பி என்றால் பிராகா, அந்த வரிசையில். ஒரு வேடிக்கை: வியன்னாவை அவர்கள் "வீன்" என்பார்கள், டபிள்யூ எழுத்து. ஆனால் டபிள்யூ வைபெர்ட்டுக்குப் போய்விட்டது. சாக்ஸனி எல்லையில் மலைமேல் இருக்கும் சின்ன ஊர் அது. தலைநகரம் "வி" என்ற எழுத்தை எடுத்துக்கொண்டது. 1918க்குப் பிறகு பிராகாவும் வைபெர்ட்டும் செக்கோஸ்லோவாக்கியாவில், புடாபெஸ்ட் ஹங்கேரியில். ஆஸ்திரியாவுக்கு மிஞ்சியது ஃபெர்லாக்கும் வியன்னாவும்.

ஃபெர்லாக்கும் கை நழுவிப் போகப் பார்த்தது. காரிந்தியாவில் ஸ்லோவேனியர்களும் ஜெர்மன்காரர்களும் கலந்து வாழும் பகுதி அது, ஸ்லோவேனியர்களுக்கு அது போரோவ்லியே. முதல் உலகப்போர் முடிந்ததும் யுகோஸ்லாவியப் படை வந்து உட்கார்ந்தது. 1920 அக்டோபர் 10 பொதுவாக்கெடுப்பில் அந்த மண்டலம் 59 சதவீத வாக்கோடு ஆஸ்திரியாவிலேயே தங்கியது. இல்லையென்றால் 1929இல் இந்த முத்திரையை அடித்தது வேறு நாடாக இருந்திருக்கும்.

---

செல்லாக்காசு

பழைய நாணயம் சேர்ப்பவன் என்ற முறையில் பறவை பற்றி ஒரு வார்த்தை. முடியாட்சிக் காலத்து ஹெல்லர் காசுகளில் இரட்டைத்தலைக் கழுகு. 1919இல் குடியரசு அதற்கு ஒரு தலையை வைத்து, ஒரு காலில் அரிவாளும் மறுகாலில் சுத்தியலும் கொடுத்தது. 1934இல் வந்த ஆட்சி மறுபடி இரண்டு தலையைக் கொண்டுவந்தது. 1938இல் ஹிட்லர் நாட்டையே விழுங்கினார். 1945இல் ஒற்றைத்தலைக் கழுகு திரும்பியபோது காலில் அறுந்த சங்கிலி சேர்ந்தது. தலையை எண்ணுவதற்கு முன் இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா இறந்தபின் அச்சடித்த அவர் பெயர் வெள்ளி டாலர்களை எடுத்தால் எல்லாவற்றிலும் 1780 என்றே இருக்கும். அந்த அம்மா இறந்து நூறு வருடம் கழித்து அச்சடித்ததிலும் 1780தான். ஒரு பொருளில் இருக்கும் வருடம் அந்தப் பொருள் முழுவதற்கும் வருடமா என்று கேட்டுப் பழகுங்கள்.

---

முர்க்கரையான்

அப்படியானால் 1929. ஃபிரான்ஸ் ஜோசஃப் 1916 நவம்பரில் இறந்துவிட்டார். செத்த பேரரசர் துப்பாக்கி கொடுக்க முடியாது. கடைக்காரர் சொன்னது சரி. பாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

---

பழையஇரும்பு

கதவைத் திற தம்பி. செல்லாக்காசு கேட்ட கேள்வியை நீ கவனிக்கவில்லை. எனக்கும் நேற்று உறைக்கவில்லை, ராத்திரி படுத்தபின்தான் உறைத்தது.

1929இல் யாராவது வெளிச்சுத்தியல் துப்பாக்கியைப் புதிதாக வாங்குவாரா? வாங்கலாம், ஆனால் அதற்குள் உள்சுத்தியல்காரர்கள் சந்தையை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். வியன்னா என்று பக்கத்தகடு சொல்கிறது, குழல் ஃபெர்லாக் என்கிறது. பெரிய நகரத்துக் கடைகள் ஃபெர்லாக்கில் செய்வித்துத் தம் பெயரைப் பொறிப்பது வழக்கம் என்பதால் அதை நான் அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் இரண்டு தலைப் பறவை ஆக்‌ஷனில் என்ன செய்கிறது?

மூன்று வேலை செய். ஒன்று: மூன்று 418களையும் பெரிதாகப் படம் எடுத்து அருகருகே வை. 4, 1, 8 எல்லாம் ஒரே அச்சில் அடித்ததா பார். இரண்டு: பக்கத்தகட்டின் தேய்ந்த பெயருக்கு முன்னால் சிறிய எழுத்தில் ஏதாவது இருக்கிறதா. மூன்று: குழல் ஆக்‌ஷனோடு சேரும் இடத்தில் வேலைப்பாடு தொடர்கிறதா, வெட்டுப்படுகிறதா.

---

வெடிமருந்து77

நானும் ஒன்று சேர்க்கிறேன். சுத்தியல் காலத்துக் குழல் என்றால் டமாஸ்கஸாக இருக்கும். அது நம் தமிழ்நாட்டு உருக்கு. கொடுமணலில் செய்து அரபு நாட்டுக்குப் போனது. வெள்ளைக்காரன் திருடிக்கொண்டான்.

---

பழையஇரும்பு

முதல் வரி சரி. மிச்சத்தில் இரண்டு கதையை ஒன்றாக்கிவிட்டாய். கொடுமணலில் இரும்பும் உருக்கும் செய்த தடயம் கிடைத்திருப்பது உண்மை, நமக்குப் பெருமைதான். ஆனால் நம்முடையது மூசையில் வைத்து உருக்கியது. அதன் வரி உலோகத்துக்குள்ளேயே படிகமாக விளைவது. துப்பாக்கிக் குழல் டமாஸ்கஸ் வேறு. இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் அடுக்கி, முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றிச் சுற்றிப் பற்றவைத்து அடித்தது. முறுக்குப் பிழிகிற மாதிரி. பெயர் ஒன்று, பிறப்பு வேறு.

அந்த முறுக்குக் குழல்களில் பலவற்றுக்குப் புது மருந்து ஒத்துக்கொள்ளாது. அதனால் நல்ல ஆக்‌ஷனை வைத்துக்கொண்டு, குழலை மட்டும் மாற்றுவார்கள்.

---

முர்க்கரையான்

கை நடுங்குகிறது, பொறுமையாகப் படியுங்கள்.

ஆக்‌ஷனிலும் முன்கட்டை இரும்பிலும் இருக்கும் 418 ஒரே அச்சு. 4இன் தலை திறந்திருக்கிறது, 1க்குக் காலில் கோடு. குழலில் இருப்பதில் 4 மூடியிருக்கிறது, 1 வெறும் குச்சி, விளிம்பும் கூர்மை.

பக்கத்தகட்டில் பெயருக்கு முன்னால் "கே. உ. கே." பிறகு "ஹோஃப்" என்று தொடங்கும் ஒரு சொல், பாதியில் அழிந்திருக்கிறது.

ஆக்‌ஷனின் இலைக்கொடி குழலைத் தொடும் இடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. குழலின் பின்பக்கம் மொட்டையாக இருக்கிறது.

---

பழையஇரும்பு

குழல் 1929, உடம்பு அதற்கு முந்தியது. குழல் மாற்றியவர் பழைய எண்ணையே புதுக் குழலில் அடித்திருக்கிறார், தன் அச்சால். நாணயமான பட்டறைக்காரர். அந்த இரண்டு சின்ன எழுத்து அவருடையதாக இருக்கலாம். ஃபெர்லாக்கில் குழல் ஒருவர், பூட்டு ஒருவர், கட்டை ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்வார்கள், குழல்காரர் தன் எழுத்தை அடியில் வைப்பார்.

"கே. உ. கே." என்பது "பேரரசு மற்றும் அரசு" என்பதன் சுருக்கம். "ஹோஃப்" என்றால் அரசவை. அரசவைக்குத் துப்பாக்கி செய்பவர் என்ற பட்டம். நடுவில் "உ" சேர்ந்த வடிவம் 1889இலிருந்து வழக்கத்துக்கு வந்தது. 1918 நவம்பரில் பேரரசோடு பட்டமும் போயிற்று. உன் பாட்டியின் துப்பாக்கி பெரும்பாலும் அந்த இடைவெளியில் வியன்னாவில் விற்றது.

பேரரசர் கையால் கொடுத்தாரா? அதை எந்த முத்திரையும் சொல்லாது. அரசவைப் பட்டம் பெற்ற கடையில் காசுள்ள எவரும் வாங்கலாம். அவர் இஷ்லில் வேட்டையாடியது உலகறிந்தது, அதற்கு மேல் இரும்பு பேசாது. வெள்ளித் தகட்டில் இருக்கும் எழுத்து யாருடையது என்று கேட்டாயா?

---

முர்க்கரையான்

கேட்டேன். தாத்தாவின் பெயரெழுத்துதான்.

---

எஸ்டேட்பேரன்

அந்த "65" என்னவென்று யாரும் சொல்லவில்லையே?

---

பழையஇரும்பு

நல்லவேளை கேட்டாய், உயிர்போகிற விஷயம் அதுதான். தோட்டா உட்காரும் அறையின் நீளம், மில்லிமீட்டரில். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70. அது 65 அறைக்குள் சிரமமில்லாமல் நுழைந்துவிடும், ஏனென்றால் சுடுவதற்கு முன் அதன் வாய் மடித்திருக்கிறது. சுட்டதும் மடிப்பு விரியும், விரிய இடம் இருக்காது, குழல் குறுகும் இடத்தில் முட்டிக்கொண்டு அழுத்தத்தை ஏற்றிவிடும். 1929இல் நைட்ரோ சோதனையில் தேறியது என்பதை நம்பி இன்று யாரும் இதைச் சுடக்கூடாது. மகனுக்கு ஆசை இருந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியரிடம் அளந்து பார்த்து, தேவையானால் மறுசோதனைக்கு அனுப்பட்டும். ஃபெர்லாக் சோதனைச் சாலை இன்றும் இயங்குகிறது.

---

முர்க்கரையான்

சொல்லிவிட்டேன். மகனையும் உட்கார வைத்து, படங்களைக் காட்டி, அண்ணன் எழுதிய வரிசையிலேயே. மகன் கடைக்காரர் சொன்னது பாதி என்று ஒப்புக்கொண்டார். பாட்டி பேரரசரை விட்டுக்கொடுக்கவில்லை. "இரும்பு சொல்லாது, நான் சொல்கிறேன்" என்றார்.

பிறகு நான், "1929இல் யாரோ பழைய குழலைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டிருக்கிறார்கள்" என்றதும் கொஞ்ச நேரம் யோசித்தார். எழுந்து போய் கணப்பு அடுப்புக்குப் பக்கத்திலிருந்து ஒரு இரும்புக் குழாயைக் கொண்டுவந்தார். முழங்கை நீளம், ஒரு முனை நசுங்கியிருக்கிறது. அவருடைய அம்மா அடுப்பூதியது. இவரும் ஊதியிருக்கிறார். நம் ஊர் ஊதாங்குழலேதான். தாத்தாவுடைய பழைய துப்பாக்கியிலிருந்து அறுத்தது என்று சின்ன வயதில் கேட்டது, மறந்தே போனதாம்.

கரியும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருக்கிறது. ஒரு இடத்தில் விரலால் தேய்த்ததில் சுருள் சுருளாக வரி தெரிகிற மாதிரி இருந்தது. இந்த வாரம் உப்புத்தாள் வாங்கி நன்றாகச் சுத்தம் செய்து படம் போடுகிறேன்.

---

பழையஇரும்பு

தொடாதே!! உப்புத்தாளைக் கடையிலேயே வைத்துவிட்டு வா. எண்ணெய், துணி, பொறுமை. அப்படியே படம் போடு.